உடற்பயிற்சி மிதிவண்டியில் முழங்கால் மூட்டு விசைகளை ஆராயும் முறை

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், நின்ற இடத்திலேயே ஓட்டும் உடற்பயிற்சி மிதிவண்டியை இயன்முறை மருத்துவர்கள் பரிந்துரைப்பது வழக்கமாகிவிட்டது. உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்வதால் முழங்காலின் சுமை குறைகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அது சரியான காரணம்தான். ஆனால் எவ்வளவு குறைகிறது, எந்த மிதிவேகத்தில், எவ்வளவு எதிர்ப்பை வைத்தால் என்று நோயாளி கேட்டால், அளந்து பார்த்தவர்தான் விடை சொல்ல முடியும். அப்படி அளக்க விரும்பும் இயன்முறை மருத்துவ முதுநிலை மாணவர்களையும் உயிரியந்திரவியல் பயில்வோரையும் மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

மூன்று விசைகளைப் பிரித்தறியாமல் இந்த ஆய்வைத் தொடங்கக் கூடாது. முதலாவது, பாதம் மிதியை அழுத்தும் விசை. இதை உணரி நேரடியாக அளக்கும். இரண்டாவது, அந்த அளவீட்டிலிருந்து நியூட்டனின் விதிகளைக் கொண்டு முழங்காலில் கணக்கிடப்படும் நிகர விசை. மூன்றாவது, தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் குருத்தெலும்பின் ஊடாக ஒன்றையொன்று அழுத்தும் தொடுவிசை. நோயாளிக்கு வலி தருவதும் செயற்கை மூட்டைத் தேயச் செய்வதும் இந்த மூன்றாவது விசையே. இரண்டாவதைக் கணக்கிட்டுவிட்டு மூன்றாவதின் பெயரால் எழுதிவிடும் ஆய்வேடுகள் குறைவல்ல என்பதால், இந்த வேறுபாடு இனிவரும் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும்.

முன்னோர் கண்டவை

ஸ்டாக்ஹோமில் எரிக்சனும் நிசெலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடித்தளங்களில் ஒன்று. மிதியில் பொருத்திய விசை உணரியையும், பக்கவாட்டில் எடுத்த படங்களையும், முழங்காலின் உடற்கூற்று மாதிரி ஒன்றையும் இணைத்து, 120 வாட் திறனில், நிமிடத்துக்கு 60 சுற்று வேகத்தில் ஓட்டும் ஆரோக்கியமானவர்களின் முழங்காலில் அமுக்குவிசையின் (தொடுவிசையில் கீழ்க்கால் எலும்பின் நீளவாக்கில் அழுத்தும் பகுதி) உச்சம் உடல் எடையைப் போல் சுமார் 1.2 மடங்கு என்று அவர்கள் கணக்கிட்டனர். அது கணக்கீடு, மூட்டுக்குள் சென்று யாரும் அளந்ததில்லை.

மூட்டுக்குள்ளேயே அளக்கும் வழி பின்னர் வந்தது. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வுக் குழு, உணரிகள் பொதிந்த செயற்கை முழங்கால் மூட்டைப் பொருத்திக்கொண்ட ஒன்பது பேரை மிதிவண்டி ஓட்டச் செய்து, மூட்டிலிருந்து கம்பியில்லாமல் வந்த அளவீடுகளை 2012-இல் வெளியிட்டது. 60 வாட் திறனில், நிமிடத்துக்கு 40 சுற்று வேகத்தில் உச்ச விசை உடல் எடையில் 119 விழுக்காடாக இருந்தது. கீழ்க்கால் எலும்பை முன்னோ பின்னோ நழுவச் செய்யும் சறுக்குவிசை 7 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அதே குழு 2010-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி சமதளத்தில் நடக்கும்போது உச்ச விசை உடல் எடையைப் போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேலாகவும், படி இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்காகவும் இருந்தது. எனவே மிதிவண்டியைப் பரிந்துரைப்பதற்கு நேரடிச் சான்று இருக்கிறது.

இவ்விரு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. பெர்லினில் ஓட்டியவர்கள் ஸ்டாக்ஹோமில் ஓட்டியவர்களைவிடக் குறைந்த திருப்புத்திறனையே (விசையின் சுழற்றும் அளவு) கிராங்கில், அதாவது மிதியைத் தாங்கிச் சுழலும் தண்டில், செலுத்த வேண்டியிருந்தது; பெர்லினில் சுமார் 14 நியூட்டன்-மீட்டர், ஸ்டாக்ஹோமில் சுமார் 19. ஆயினும் இரு இடங்களிலும் ஏறக்குறைய ஒரே உச்ச விசை வந்தது. ஆய்வில் பங்கேற்றவர்களின் வயதும் மூட்டின் நிலையும் வேறு என்பது ஒரு காரணமாகலாம். எதிரெதிராக வேலை செய்யும் தசைகள் ஒரே நேரத்தில் சுருங்குவதால் மூட்டில் கூடும் அழுத்தத்தை எளிய மாதிரிகள் கணக்கில் கொள்வதில்லை என்பது மற்றொன்று; இந்த இரண்டாவது காரணத்தை நான் கூடுதலாக நம்புகிறேன்.

கேள்வியை ஒடுக்குதல்

‘மிதிவண்டி ஓட்டும்போது முழங்காலில் ஏற்படும் விசைகள்’ என்பது தலைப்பாகலாம், ஆய்வுக் கேள்வியாகாது. இக்கட்டுரைக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: திறனை 60 வாட்டில் நிலையாக வைத்து, மிதிவேகத்தை நிமிடத்துக்கு 40, 60, 80 சுற்று என மாற்றினால் முழங்காலின் உச்ச அமுக்குவிசை எப்படி மாறுகிறது?

காகிதத்திலேயே ஒரு முன்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திறன் என்பது திருப்புத்திறனையும் கோணத் திசைவேகத்தையும் பெருக்கிய அளவு. கிராங்கின் நீளம் 170 மில்லிமீட்டர் என்றால், 60 வாட்டுக்கு இரு கால்களும் சேர்ந்து சுழற்சியின் திசையில் சராசரியாகச் செலுத்த வேண்டிய விசை 40 சுற்றில் 84 நியூட்டன், 60 சுற்றில் 56, 80 சுற்றில் 42. வேகம் கூடக் கூட மிதிக்க வேண்டிய விசை குறைகிறது. ஆனால் காலின் நிறையை முடுக்கவும் தடுக்கவும் தேவைப்படும் விசை வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. 40-இலிருந்து 80-க்குப் போனால் அது நான்கு மடங்காகும். ஒன்று இறங்க, மற்றொன்று ஏறுகிறது. பெர்லின் அளவீடுகளில், திறன் மாறாதபோது வேகம் கூடினால் மூட்டு விசை குறைந்தது. உங்கள் நோயாளிகளிடமும் அப்படியா, எந்த வேகம் வரை என்பதே கேள்வி.

கருவிகள்

மிதிவண்டி எர்கோமீட்டர், அதாவது செலுத்தும் திறனை அளந்து காட்டும் உடற்பயிற்சி மிதிவண்டி, இரு வகைப்படும். மின்காந்தத் தடை உள்ளது, வேகம் மாறினாலும் திறனைத் தானே நிலைநிறுத்தும். பட்டைத் தடை உள்ள மோனார்க் வகையில் அந்த வேலை நம்முடையது. அதில் ஒரு சுற்றுக்குச் சக்கரத்தின் விளிம்பு 6 மீட்டர் நகர்வதாகக் கணக்கு. ஆகவே 60 வாட்டுக்கு 40 சுற்றில் சுமார் 1.53 கிலோ, 60 சுற்றில் 1.02 கிலோ, 80 சுற்றில் 0.76 கிலோ தடையை வைக்க வேண்டும். வேகத்தை மாற்றும்போது தடையை மாற்ற மறந்தால் ஆய்வின் கேள்வியே மாறிவிடும்.

மிதியில் பொருத்தும் விசை உணரிதான் இந்த ஆய்வின் உயிர். குறைந்தது இரு திசைகளில், மிதியின் பரப்புக்குச் செங்குத்தாகவும் அதன் நீளவாக்கிலும், விசையை அளக்கும் உணரி தேவை. முட்டி உள்ளே சாய்வதையோ வெளியே சாய்வதையோ ஆராய வேண்டுமானால் மூன்று திசை விசைகளையும் மூன்று திருப்புத்திறன்களையும் அளக்கும் உணரி வேண்டும். உள்பக்கத் தேய்மானத்தைப் பற்றிப் பேச விரும்புவோருக்கு வேறு வழியில்லை. சந்தையில் கிடைக்கும் திறன்மானி மிதிகள் பெரும்பாலும் திறனையும் சுழற்சித் திசையின் விசையையும் மட்டுமே தருவன. அவற்றிலிருந்து மூட்டு விசையைக் கணக்கிட முயல வேண்டாம். கிராங்கின் நீளவாக்கில் வீணாகச் செல்லும் விசை திறனில் தெரியாது, முழங்காலில் மட்டும் தெரியும்.

உணரியை ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் அளவுதிருத்தம் செய்ய வேண்டும். எடை தெரிந்த கற்களை ஒவ்வொரு திசையிலும் தொங்கவிட்டு, ஏற்றும்போதும் இறக்கும்போதும் குறித்துக்கொள்க. செங்குத்துத் திசையில் மட்டும் எடை தொங்கும்போது நீளவாக்குத் திசையில் எண் தோன்றினால் அந்தக் கசிவை அளந்து நீக்கியாக வேண்டும். மிதியின் உடற்பகுதி உணரிக்கு மேலே அமைந்திருந்தால் அதன் எடையும் முடுக்கமும்கூட உணரியில் பதிவாகும் என்பதால், காலணி இல்லாமல் வெறும் மிதியைச் சுழற்றி ஒரு பதிவு எடுத்துக்கொள்வது நல்லது.

அசைவைப் பதிவுசெய்ய, ஒளி எதிரொலிக்கும் குறிப்பான்களைப் பின்தொடரும் கேமராத் தொகுதி இருந்தால் நொடிக்கு 100 முதல் 200 படங்கள் போதும். விசையை 1000 ஹெர்ட்ஸில் பதிவது வழக்கம். இரண்டையும் ஒரே தூண்டல் குறிப்பில் தொடங்கச் செய்ய வேண்டும். கைப்பேசி காணொளி மட்டுமே இருக்கிறது என்றால், நொடிக்கு 60 படங்களில், 60 சுற்று வேகத்தில் கிராங்கின் ஒவ்வொரு 6 பாகைக்கும் ஒரு படம் கிடைக்கும்; முழங்கால் கோணத்தை அறிய அது உதவும், விசையைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஓட்டுநரும் இருக்கையும்

நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் பங்கேற்பவரின் எழுத்துப்பூர்வ இசைவும் இல்லாமல் யாரையும் இருக்கையில் அமர்த்தக் கூடாது. இதயக் கோளாறு, அண்மைக் காயம், மூட்டு வீக்கம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, வலி வந்தால் உடனே நிறுத்தலாம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இருக்கையின் உயரத்தைக் கண்ணளவில் வைக்க வேண்டாம். மிதி அடிமட்டத்தில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகைக்குள் மடங்கியிருக்குமாறு கோணமானியால் அளந்து அமைப்பது பரவலான முறை. எல்லோருக்கும் ஒரே கோணத்தைத் தேர்ந்து, ஆய்வு முழுவதும் மாற்றாமல் வைத்துக்கொள்க. முன்பாதத்தின் எலும்பு முனைகள் மிதியின் அச்சுக்கு நேர்மேலே இருக்க வேண்டும். வார் கட்டினால் ஓட்டுநர் மிதியை மேலே இழுக்கக்கூடும், கட்டாவிட்டால் முடியாது. எதைத் தேர்ந்தாலும் கட்டுரையில் குறிப்பிடுக.

குறிப்பான்களை ஒட்டுவதில் மிதிவண்டிக்கே உரிய தொல்லைகள் உண்டு. முன்னே குனிந்தால் இடுப்பெலும்பின் முன்முனைக் குறிப்பான்கள் மடிப்புக்குள் மறைந்துவிடும். அதனால் இடுப்பின் பின்புறத்தில் ஒரு கூட்டுக் குறிப்பானை வைக்கலாம். முழங்காலின் உள்பக்கக் குறிப்பான்களைச் சட்டகம் மறைக்கும். ஓட்டுநர் நிமிர்ந்து நிற்கும் நிலையில் ஒரு பதிவு எடுத்துக்கொண்டு, பிறகு அவற்றைக் கழற்றிவிட்டுத் தொடை, கீழ்க்கால் மீதுள்ள கூட்டுக் குறிப்பான்களைக் கொண்டு அவற்றின் இடத்தை மீட்டெடுக்கலாம். கிராங்கின் மையம், மிதியின் அச்சு, மிதியின் உடல் ஆகியவற்றிலும் குறிப்பான்கள் தேவை. பளபளக்கும் உலோகப் பகுதிகளைத் துணி நாடாவால் மூடிவிடுவது பின்னர் பல மணி நேரத் திருத்த வேலையை மிச்சப்படுத்தும்.

தொடையின் முன்புற நாற்றலைத் தசையின் உள், வெளிப் பகுதிகள், பின்புறத் தசைகள், கெண்டைக்கால் தசை ஆகியவற்றில், தசை எப்போது சுருங்குகிறது என்று காட்டும் தசை மின்பதிவையும் சேர்த்து எடுக்குமாறு வற்புறுத்துவேன். அதன் தேவை பின்னால் விளங்கும்.

ஐந்து நிமிட உடல் சூடேற்றலுக்குப் பிறகு, மூன்று வேகங்களையும் ஒவ்வொருவருக்கும் குலுக்கல் வரிசையில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் நிலைப்பட விட்டு, அதன்பின் அரை நிமிடம் பதிவுசெய்தால் போதும். எப்போது பதிவு நடக்கிறது என்பதை ஓட்டுநரிடம் சொல்ல வேண்டாம்; சொன்னால் மிதிக்கும் முறை மாறிவிடும்.

கணக்கீடு

அசைவுத் தரவை வடிகட்டும்போது, நிமிடத்துக்கு 80 சுற்று என்பது 1.33 ஹெர்ட்ஸ்தான் என்பதை நினைவில் கொள்க. 6 ஹெர்ட்ஸ் எல்லையில் அமைந்த தாழ்வழி வடிகட்டி (அந்த எல்லைக்கு மேற்பட்ட வேகமான அதிர்வுகளை நீக்குவது) பொதுவாகப் போதுமானது. விசைத் தரவையும் அதே எல்லையில் வடிகட்டுவது பாதுகாப்பு. இரண்டுக்கும் வெவ்வேறு எல்லைகளை வைத்தால் இல்லாத திருப்புத்திறன் முனைகள் தோன்றக்கூடும்.

அடுத்து, மிதியின் அச்சுகளில் கிடைத்த விசையை ஆய்வகத்தின் அச்சுகளுக்கு மாற்ற வேண்டும். மிதி சுற்று முழுவதும் சாய்ந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு கணத்திலும் அதன் கோணம் தேவை. உணரி அளப்பது பாதம் மிதியைத் தள்ளும் விசை. கணக்கீட்டுக்கு வேண்டியது மிதி பாதத்தைத் தள்ளும் எதிர்விசை. குறியை மாற்றுக. தொடக்கநிலை ஆய்வாளர்களின் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரு வரிகளுக்குள் அடங்கும்.

இங்கேயே நின்று ஒரு சோதனை செய்துவிட வேண்டும். மிதி விசைகளிலிருந்து கிராங்கின் திருப்புத்திறனைக் கண்டு, கோணத் திசைவேகத்தால் பெருக்கி, இரு கால்களுக்கும் கூட்டிச் சராசரி எடுத்தால் அது எர்கோமீட்டர் காட்டும் திறனுக்கு நெருக்கமாக, சங்கிலி உராய்வினால் சற்றே கூடுதலாக வர வேண்டும். வெகுவாக விலகினால் அளவுதிருத்தத்திலோ மிதிக் கோணத்திலோ கோளாறு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் முழங்காலுக்குப் போவதில் பொருளில்லை.

பாதத்தைத் தனியாகப் பிரித்துக்கொள்க. அதன் மீது மிதியின் எதிர்விசை, எடை, கணுக்காலில் வரும் விசை ஆகிய மூன்று உண்டு. அவற்றின் கூடுதல், பாதத்தின் நிறையையும் நிறை மையத்தின் முடுக்கத்தையும் பெருக்கிய அளவுக்குச் சமம். தெரியாதது கணுக்கால் விசை ஒன்றே. திருப்புத்திறனுக்கும் இதே வழி. கணுக்கால் விசையைக் குறிமாற்றிக் கீழ்க்காலின் அடிமுனையில் வைத்து மறுபடி எழுதினால் முழங்காலின் நிகர விசையும் திருப்புத்திறனும் கிடைக்கும். உடல் நிறையில் பாதத்துக்கு 1.45 விழுக்காடும் கீழ்க்காலுக்கு 4.65 விழுக்காடும் எடுத்துக்கொள்வது வழக்கம். காலணியை நிறுத்துப் பாதத்தோடு சேர்க்க வேண்டும். கணக்கு அடியிலிருந்து மேலே செல்வதால் இருக்கையிலும் கைப்பிடியிலும் உள்ள விசைகளை அளக்கத் தேவையில்லை என்பது இந்த ஆய்வுக்குக் கிடைத்த பெரிய வசதி.

நிகர விசையிலிருந்து தொடுவிசைக்கு

70 கிலோ நிறையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் உடல் எடை 687 நியூட்டன். கிராங்க் முன்னோக்கிக் கிடைமட்டமாக இருக்கும் கணத்தில் மிதி அவர் பாதத்தை 220 நியூட்டனால் மேலே தள்ளுவதாகவும், முழங்காலை நீட்டும் திருப்புத்திறன் 30 நியூட்டன்-மீட்டர் என்றும் கொள்வோம். கீழ்க்காலும் பாதமும் சேர்ந்து 42 நியூட்டன் எடை. முடுக்கத்தைத் தற்காலிகமாக விட்டுவிட்டால் முழங்காலின் நிகர விசை 180 நியூட்டனை ஒட்டி வரும். உடல் எடையில் கால் பங்குக்குச் சற்றே மேல். இதையே மூட்டின் சுமை என்று எழுதினால் வாசிப்பவர் முழுவதும் தவறாகப் புரிந்துகொள்வார்.

அந்த 30 நியூட்டன்-மீட்டரை யார் உண்டாக்குகிறார்கள்? தொடையின் முன்புறத் தசை, முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள தசைநாணை இழுத்து உண்டாக்குகிறது. அந்தத் தசைநாணுக்கும் மூட்டின் சுழல் மையத்துக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 4 சென்டிமீட்டர்தான். கீலுக்கு அருகே கைவைத்துக் கதவைத் தள்ளுபவர் பெரும்பலம் செலுத்த வேண்டியிருப்பதைப் போல, இந்தக் குறுகிய தொலைவில் இழுக்கும் தசை 750 நியூட்டன் விசையைச் செலுத்த வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் இரு எலும்புகளையும் ஒன்றோடொன்று நெருக்குகிறது. தசை விசையையும் நிகர விசையையும் கூட்டினால் அமுக்குவிசை 900 நியூட்டனைத் தாண்டும். அதாவது உடல் எடைக்கும் மேல். பின்புறத் தசைகளோ கெண்டைக்கால் தசையோ அதே கணத்தில் சுருங்கினால் இன்னும் கூடும். மூட்டின் சுமையில் பெரும்பங்கு தசைகளிடமிருந்தே வருகிறது.

ஆகவே முடிவின் நம்பகத்தன்மை தசை மாதிரியைப் பொறுத்தது. மேற்கண்ட கணக்கில் 4 சென்டிமீட்டருக்குப் பதில் 5 என்று வைத்தால் தசை விசை 600 நியூட்டனாக இறங்கிவிடும். இந்தத் தொலைவு முழங்கால் மடங்கும் கோணத்தோடு மாறுவதால், மாறாத ஒற்றை எண்ணைச் சுற்று முழுவதற்கும் பயன்படுத்தக் கூடாது.

ஸ்டான்ஃபோர்டில் உருவாகி இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்சிம் மென்பொருள், தசைகளிடையே சுமையைப் பங்கிடும் கணக்கைச் செய்து தரும். நடைக்காக அமைந்த மாதிரிகளை அப்படியே மிதிவண்டிக்குப் பயன்படுத்த வேண்டாம். மிதி உச்சியில் இருக்கும்போது முழங்கால் 100 பாகையைத் தாண்டி மடங்குவதால், அந்த மாதிரிகளில் நீளும் தசைகள் தாமாகவே மிகையான இழுவிசையைக் காட்டும். லாய், ஆர்னால்டு, வேக்லிங் ஆகியோர் 2017-இல் இந்தக் குறையைத் திருத்தி, மிதிவண்டிக்கும் விரைவோட்டத்துக்கும் ஏற்ற மாதிரியை வெளியிட்டுள்ளனர். மூட்டு விசையை வெளியிடச் சொல்லும்போது எந்த எலும்பின் மீது, எந்த அச்சுகளில் என்பதைக் கீழ்க்கால் எலும்புக்கு அமைத்தீர்களா என்று பார்த்துக்கொள்க.

தசைகளின் செயலூக்கத்தைக் குறைந்தபட்சமாக்கும் கணக்கு, எதிர்த்தசைகள் சேர்ந்து சுருங்குவதைக் குறைத்தே மதிப்பிடும் இயல்புடையது. தசை மின்பதிவை முன்னரே வற்புறுத்தியது இதற்காகத்தான். பின்புறத் தசை செயல்படுவதாகப் பதிவு காட்டும் கோணத்தில் மாதிரி அதை ஓய்வில் வைத்திருந்தால், அந்தக் கோணத்தில் உங்கள் தொடுவிசை உண்மையைவிடக் குறைவு என்று எழுதுங்கள்.

சறுக்குவிசையைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. அமுக்குவிசை 900 நியூட்டன் என்றால், கீழ்க்கால் எலும்பின் அச்சை நாம் வைத்த திசை 5 பாகை பிழைத்தாலே 78 நியூட்டன் சறுக்குவிசை வெறும் காகிதத்தில் தோன்றிவிடும். பெர்லினில் அளந்த உச்சமான 7 விழுக்காடு இவருக்கு 48 நியூட்டன்தான். பிழை அளவீட்டைவிடப் பெரியது. அதனால், கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் பிடித்திருக்கும் முன் சிலுவைத் தசைநாரின் பாதுகாப்பைப் பற்றி இத்தகைய கணக்கீட்டை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகக் குழு 1998-இல் அந்தத் தசைநாரிலேயே உணரியைப் பொருத்தி அளந்தபோது, மிதிவண்டி ஓட்டும்போது அது நீளும் அளவு சராசரி உச்சமாக 1.7 விழுக்காடு என்று கண்டது. அத்தகைய நேரடிச் சான்றையே அந்தக் கேள்விக்கு நாட வேண்டும்.

முடிவுகளை எழுதுதல்

ஒவ்வொரு சுற்றையும் கிராங்கின் 0 முதல் 360 பாகைக்குப் பொருத்தி, குறைந்தது பத்துத் தொடர்ச்சியான சுற்றுகளை எடுத்துக்கொள்க. ஒவ்வொரு சுற்றின் உச்சத்தையும் கண்டு அவற்றின் சராசரியைத் தருவதே சரி. வளைகோடுகளை முதலில் சராசரியாக்கினால் உச்சம் மழுங்கிவிடும். விசையை நியூட்டனிலும் உடல் எடையின் விகிதத்திலும் தருக. ஒரே ஆள் மூன்று வேகங்களிலும் ஓட்டியிருப்பதால் புள்ளியியல் சோதனையும் மீள் அளவீட்டு வகையாக இருக்க வேண்டும். தசைநாணின் தொலைவு, அச்சின் கோணம் ஆகியவற்றைச் சற்று மாற்றிக் கணக்கிட்டால் விடை எவ்வளவு நகர்கிறது என்பதையும் அட்டவணையில் சேருங்கள். பெர்லின் குழுவின் அளவீடுகள் ஆர்த்தோலோட் என்ற பொதுத் தரவுத்தளத்தில் இருப்பதால், உங்கள் வளைகோட்டின் வடிவத்தை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

உச்ச விசையோடு நின்றுவிடவும் வேண்டாம். இருபது நிமிடம் ஓட்டினால் 40 சுற்று வேகத்தில் ஒவ்வொரு முழங்காலும் 800 முறை அமுங்கும். 80 சுற்றில் 1600 முறை. வேகத்தைக் கூட்டி உச்சத்தைக் குறைத்த நோயாளி, எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியிருக்கிறார். ஆதலால் ஒவ்வொரு வேகத்துக்கும் உச்ச விசைக்குப் பக்கத்தில், ஒரு நிமிடத்தில் மூட்டின் மீது சேரும் விசையையும் நேரத்தையும் பெருக்கிக் கூட்டிய மொத்த அளவை அட்டவணையின் இன்னொரு நெடுவரிசையில் தர வேண்டும். பரிந்துரை எழுதும் மருத்துவருக்கு இவ்விரண்டும் சேர்ந்தே தேவைப்படும்.